கான்சாகிப்

நுழையும்முன்
வாளால் உயர்ந்தவர்கள் வரலாற்றில் பலருண்டு. தாம் உயர்த்திய அரசாலேயே வீழ்த்தப்பட்டவர்களும் உண்டு. மருதநாயகம் என்று மக்கள் அழைக்கும் தளபதி முகமது யூசுப்கான் அவ்விரு வகையினருள்ளும் அடங்குவார்.

இளமை
யூசுப்கான் ஏறத்தாழ 1725ஆம் ஆண்டில் இராமநாதபுரச் சீமையின் பனையூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். பின்னர் இசுலாத்தைத் தழுவினார். பிழைப்புத் தேடிப் புதுச்சேரி சென்ற அவருக்குப் படைப்பணியே வாழ்வாயிற்று.

உள்நாட்டுப் போர்
அக்காலத்தில் ஆர்க்காட்டு நவாபு பதவிக்காகச் சந்தா சாகிபும் முகமது அலியும் மோதினர். முன்னவரைப் பிரெஞ்சுக்காரரும் பின்னவரை ஆங்கிலேயரும் ஆதரித்தனர். உடன்பிறந்த மண்ணின் மக்களே இருபுறமும் நின்று மடிந்தனர். ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்த யூசுப்கான், 1748இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டைக்கு வந்த லாரன்சு என்னும் தளபதியிடம் ஐரோப்பியப் போர்முறையைக் கற்றார். திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது பகைவர் காவலைக் கடந்து உணவுப் பொருள்களைக் கொண்டுவந்து சேர்த்தது அவருடைய துணிவுக்குச் சான்று. 1754இல் கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவரானார். 1758 இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, புறத்தே நின்று பகைப்படையை ஓயாது அலைக்கழித்தார்.

மதுரை ஆட்சி
மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிருவாகம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் ஏரிகளையும் கால்வாய்களையும் செப்பனிட்டார். கள்வர் அச்சத்தை நீக்கினார். மீனாட்சியம்மன் கோவிலுக்கு உரிய நிலங்களை மீட்டளித்தார். எனினும், அந்நியருக்கு வரி செலுத்த மறுத்த பூலித்தேவரின் நெற்கட்டும்செவலை 1761இல் கைப்பற்றியவரும் அவரே. இம்முரணை மறைத்து அவரைப் புகழ்தல் வரலாறு ஆகாது.

முறிவும் முடிவும்
வளர்ந்துவரும் அவரது செல்வாக்கு நவாபுக்குக் கலக்கம் தந்தது. யூசுப்கான் தமக்குக் கீழ்ப்பட்டவரே என்று நவாபு உரிமை கோரினார். கம்பெனியும் அதனை ஏற்றது. களத்தில் தாம் காத்த இருவரும் ஒன்றுகூடித் தம்மை ஒடுக்குவதைக் கண்ட யூசுப்கான் பணிய மறுத்தார். மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். 1763இல் தொடங்கிய முதல் முற்றுகையை முறியடித்தார். மறுஆண்டில் கோட்டைக்குள் உணவு அருகியது; வீரர் மனம் தளர்ந்தனர். மதிலால் தடுக்க முடிந்த பகையை உள்ளிருந்த வஞ்சகத்தால் தடுக்க முடியவில்லை. அவருடைய திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுக்காரரான மார்ச்சந்தும் சேர்ந்து, தொழுகையில் இருந்த அவரைப் பிடித்துக் கட்டிப் பகைவரிடம் ஒப்படைத்தனர். 1764 அக்டோபர் 15ஆம் நாள் மதுரைக்கு அருகில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

நினைவு
சம்மட்டிபுரத்தில் உள்ள பள்ளிவாசலில் அவரது அடக்கத்தலம் உள்ளது. மதுரையின் கான்பாளையம் அவர் பெயரைச் சுமக்கிறது. ‘கான்சாகிபு சண்டை’ என்னும் கதைப்பாடல் அவரது வாழ்வை நாட்டார் நாவில் நிலைபெறச் செய்தது. தம் ஆற்றல் முழுவதையும் பிறர் ஆதிக்கம் வளரச் செலவிட்ட ஒருவர், அவ்வாதிக்கத்தின் இயல்பை உணர்ந்து எதிர்த்து நின்றபோது காலம் கடந்திருந்தது. ஆற்றலை யாருக்காகப் பயன்படுத்துகிறோம் என்னும் வினாவை அவரது வாழ்வு இன்றும் நம்முன் வைக்கிறது.