யாழை மீட்ட துறவி

நமது குடாநாட்டுக்குப் பெயர் தந்தது ஓர் இசைக்கருவி. கண்ணொளி இழந்த பாணன் ஒருவன் யாழ் வாசித்து மன்னனை மகிழ்வித்து, மணற்பாங்கான இந்நிலத்தைப் பரிசிலாகப் பெற்றான் என யாழ்ப்பாண வைபவமாலை கூறும். ஒல்லாந்தர் காலத்தில் அந்நூலை யாத்தவர் மயில்வாகனப் புலவர். அக்கதை வரலாறாகாது என மறுப்பாரும் உளர். அவ்வழக்கை ஈண்டு நாம் தீர்க்கவேண்டுவதில்லை. யாழ் என்னும் சொல்லை நாள்தோறும் நூறுமுறை நாவிற் கொள்ளும் நாம் யாழைக் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. கோயில் வீதியிலே நாதசுரமும் தவிலும் முழங்கக் கேட்டு வளர்ந்தோம். வீணையையும் வயலினையும் பிள்ளைகளுக்குப் பயிற்றுகின்றோம். ஊரின் பெயராய் நிற்கும் கருவியோ பெயராகவே நின்றுவிட்டது.

அக்கருவியைத் தேடிப் புறப்பட்ட பெரியாருக்கும் பிள்ளைப் பெயர் மயில்வாகனன் என்றே அமைந்தது. தமிழுலகம் அவரை விபுலாநந்த அடிகள் என அறியும். அவர் யாழ்ப்பாணத்திற் பிறந்தவரல்லர். 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆம் நாள், கிழக்கிலங்கையிலே காரைதீவு என்னும் நெய்தற் சிற்றூரிலே, சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகவாய்த் தோன்றினார். கல்முனையிலும் மட்டக்களப்பு அர்ச். மைக்கல் கல்லூரியிலும் பயின்று, பதினாறாம் வயதிலேயே கேம்பிரிட்சு சீனியர் தேர்வில் தேறினார். பின்னர்க் கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்றார். நம்மிற் பலர்போல அவரும் பயிற்றப்பட்ட ஆசிரியராகவே வாழ்க்கையைத் தொடங்கியவர் என்பதை இவ்விடத்திற் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஓர் உவகை உண்டு.

1916ஆம் ஆண்டு அவர் வாழ்விற் குறிக்கத்தக்கது. அவ்வாண்டிலே கொழும்பு அரசினர் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞானத் தகுதிப் பத்திரம் பெற்றார். அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதத் தேர்விலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பட்டத்தை முதன்முதற் பெற்றவர் அவரே என்பர். ஒரு கையிற் சோதனைக்குழாயும் மறுகையிற் சிலப்பதிகாரமுமாக நின்ற அவ்விளைஞரை எண்ணிப் பார்த்தல் வேண்டும். விஞ்ஞானம் கற்பார் தமிழையும், தமிழ் கற்பார் விஞ்ஞானத்தையும் தொடாத வழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கின்றது. அவ்வேலியை அவர் மதித்தாரல்லர். பிற்காலத்தில் அவர் செய்த பெருஞ்செயலுக்கு வித்து இவ்விரட்டைப் பயிற்சியே என்பது என் துணிபு.

1917ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். 1920ஆம் ஆண்டில் மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரை அதிபராக ஏற்றது. இரண்டாண்டுகளே அப்பதவியில் இருந்தார். ஓர் அதிபர் தம் மாணவர்களின் பெயர்களை அறிந்துகொள்வதற்கே இரண்டாண்டு போதாது என்பதை ஆசிரியராயிருப்போர் அறிவர். ஆயினும் அக்குறுகிய காலத்துள்ளே 1921ஆம் ஆண்டில் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் யாழ்ப்பாணத்தில் உருவாக முன்னின்றார். பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் எனப் படிமுறையாக அமைந்த அச்சங்கத் தேர்வுகளால், மதுரைக்குச் செல்லாமலே ஈழத்தார் தமிழ்ப்பட்டம் பெற வழி பிறந்தது. நம் கல்லூரிகளிலே தமிழ் கற்பித்த பண்டிதர் பலர் அவ்வழியே வந்தவர்கள்.

1922ஆம் ஆண்டில் அதிபர் பதவியைத் துறந்து சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். பட்டமும் பதவியும் பெற்ற முப்பது வயது இளைஞர் ஒருவர் அவற்றை விட்டுச் செல்வதைக் கண்டு பெற்றோரும் உற்றாரும் என்ன எண்ணியிருப்பர் என்பதை நாமே உய்த்துணரலாம். 1924ஆம் ஆண்டில் சிவானந்த சுவாமிகளிடம் துறவு பெற்று விபுலாநந்தரானார். 1925ஆம் ஆண்டில் தாயகம் மீண்டு மிஷன் பாடசாலைகளை நடத்தும் பொறுப்பை ஏற்றார். வண்ணார்பண்ணை வைத்தீசுவர வித்தியாலயமும் திருக்கோணமலை இந்துக் கல்லூரியும் அவர் பராமரிப்புப் பெற்றவை. மட்டக்களப்பிலே சிவானந்த வித்தியாலயத்தை அவரே 1929ஆம் ஆண்டில் தோற்றுவித்தார்.

யாழின் கதை இனித்தான் தொடங்குகின்றது. இராசா அண்ணாமலைச் செட்டியார் இருபது இலட்சம் ரூபாவைக் கொடையாக வழங்க, சிதம்பரத்திலே 1929ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. அவ்வாண்டிலேயே அங்கு இசைக் கல்லூரியும் நிறுவப்பெற்றது. தமிழுக்கும் இசைக்கும் ஒரே வளவிலே இருக்கை கிடைத்தது. 1931ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அடிகளார் அமர்ந்தார். பகலிற் பல்கலைக்கழகத்திற் கற்பித்துவிட்டு, மாலையில் அருகிலுள்ள திருவேட்களத்துச் சேரிப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். பண்டிதர்கள் பாரதியாரைப் புலவரென ஒப்பத் தயங்கிய காலத்திலே அவர் பாடல்களை மாணவரிடையே பரப்பினார். அங்கேதான் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை அவரை முழுமையாகப் பற்றிக்கொண்டது.

அக்காதையைக் கற்பிக்கும் தமிழாசிரியரின் இடர் எத்தகையதென்பதை இவ்விடத்திற் சொல்லவேண்டும். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை முதல்வன், குழலோன் என வரிசையாக இளங்கோவடிகள் நிறுத்திவைக்கும் கலைஞரிடையே யாழாசிரியனும் நிற்கின்றான். அடியார்க்குநல்லார் உரையோ, பேரியாழ்க்கு 21, மகரயாழ்க்கு 19, சகோடயாழ்க்கு 14, செங்கோட்டியாழ்க்கு 7 என நரம்புகளை எண்ணிக் காட்டும். பிறர் கூறும் எண்கள் வேறுபடுதலும் உண்டு. நான் கரும்பலகையில் ஒரு வில்லை வரைந்து அதிற் கோடுகளை இழுத்து, இதுவே யாழ் என்று சொல்லிப் பல ஆண்டுகள் காலங் கழித்தேன். ஒருநாள் ஒரு மாணவன் எழுந்து, ஐயா, அது எப்படி ஒலிக்கும் என்று கேட்டான். அன்று மணியடித்தது என் நற்பேறே.

அடிகளார் அவ்வினாவுக்கு விடைகாணப் புகுந்தவர். பாபிலோனியருக்கு முற்பட்ட ஊர் என்னும் பழம்பதியை 1920களில் அகழ்ந்தவர்களுக்கு, மரம் மக்கிப்போயினும் யாழ்போன்ற கருவிகளின் வடிவம் மண்ணிலே பதிந்து கிடைத்தது. பருமிய நாட்டிலே வளைந்த யாழ் இன்றும் உயிருடன் மீட்டப்படுகின்றது. தமிழருக்கோ மரமும் எஞ்சவில்லை, மீட்டும் கைகளும் எஞ்சவில்லை. எஞ்சியவை சொற்களே. செய்யுளும் உரையும் தந்த அச்சொற்களைத் தராசிலிட்டு நிறுத்து, கணக்கிட்டு, அவற்றினின்று ஒரு கருவியையும் ஓர் இசைமரபையும் மீளக் கட்டவேண்டியிருந்தது. இதற்கு உரைநயம் மட்டும் அறிந்த பண்டிதர் போதார். ஒலிநூல் மட்டும் அறிந்த விஞ்ஞானியும் போதார்.

அவர் சென்ற வழியை ஒருவாறு சொல்கின்றேன். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன ஏழிசை. இவற்றுக்கு முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகு வகுத்தனர் முன்னோர், கூட்டினால் 22. குரலை விடுத்து இளிவரை எண்ணின் 13 அலகு. உழைவரை எண்ணின் 9. இளியிலிருந்து மேற்குரல்வரை எண்ணினும் அதே 9 வரும். பழம்பாட்டிலே மனனம் பண்ணுவதற்கெனக் கிடந்த இவ்வெண்கள், நரம்பின் நீளத்தை அளக்கும் பௌதிக விதியோடு இயைந்து நிற்கின்றன என்பதை அடிகளார் கணிதத்தால் விரித்துக் காட்டினார். ஒரு நரம்பு முழுநீளத்திற் குரலாயின், அதன் மூன்றில் இரண்டு பங்கில் இளி பிறக்கும். நான்கில் மூன்று பங்கில் உழை பிறக்கும். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917ஆம் ஆண்டில் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் அலகு 24 எனத் தம் கைப்பொருளைச் செலவிட்டு நிலைநாட்ட முயன்றார். அடிகளார் 22 எனக் கொண்டார். இருவரும் தமிழிசைக்கு உழைத்தவர்களே. இருவரும் ஒருங்கே சரியாதல் இயலாது. அவ்வழக்கிற் புகும் இசையறிவு எனக்கில்லை.

ஒரே யாழில், நரம்புகளைத் திருத்தாமலே, தொடங்கும் நரம்பை மாற்றினால் வேறு வேறு பாலைகள் பிறக்கும். குரலிற் றொடங்கினால் செம்பாலை. இன்றைய அரிகாம்போதி அதுவேயென அறிஞர் பலர் கொள்வர். படுமலை, செவ்வழி, அரும்பாலை, கோடி, விளரி, மேற்செம்பாலை என ஏனையவும் இவ்வாறே தோன்றும். இது யாழின் சிறப்பு. ஒரு நரம்புக்கு ஓரொலியே உரியது. வீணையிற்போல் நரம்பை இழுத்து ஒலியை வளைத்தல் அதற்கு எளிதன்று. திருஞானசம்பந்தர் பாடிய பதிகத்தைத் தம் யாழில் அமைக்கமாட்டாது திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே உடைக்க ஓங்கினார் என்னும் பெரியபுராணக் கதை, அக்கருவி வீழ்ந்த காரணத்தை முன்கூட்டியே சொல்வதுபோல் எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆராய்ச்சி தொடர்ந்து ஓரிடத்தில் நிகழவில்லை. 1936ஆம் ஆண்டிற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பின்னர் இமயமலைச் சாரலிலே மாயாவதி ஆசிரமத்திலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழை நடத்தினார். 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். சென்னையிலே தமிழிசைச் சங்கம் தோன்றியதும் அவ்வாண்டிலேயே. இத்தனை பணிகளுக்கும் இடையே கையெழுத்துப் பிரதி அவரோடு பயணஞ் செய்தது. உடல் நலிந்துகொண்டே வந்தது.

நூலை எழுதுவது ஒரு பாடு. அதை அச்சேற்றுவது மற்றொரு பாடு. துறவியிடம் பொருளில்லை. கணக்கட்டவணைகளும் உருவங்களும் நிறைந்த அத்தகைய நூலை வாணிகம் கருதி வெளியிடுவாரும் இலர். செட்டிநாட்டு வள்ளல் சிதம்பரம் செட்டியார் அடிகளாரைப் புதுக்கோட்டையிலே தம் மாளிகையில் இருத்திப் பேணி, நூல் முற்றுப்பெறப் பொருள் நல்கினார். தஞ்சைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் பதிப்பிக்கும் பொறுப்பை ஏற்றது. பாயிரவியல் முதல் ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களைக் கொண்ட யாழ்நூல் இவ்வாறு உருப்பெற்றது. பலர் சேர்ந்து இசைக்கும் கச்சேரியிலே பாடுவோனை மட்டும் நாம் நினைவிற் கொள்கின்றோம். பந்தலிட்டவனையும் விளக்கேற்றியவனையும் மறந்துவிடுகின்றோம். செட்டியாரையும் கரந்தையாரையும் மறத்தல் தகாது.

1947ஆம் ஆண்டு யூன் மாதம் 5ஆம், 6ஆம் நாட்களில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே யாழ்நூல் அரங்கேறியது. ஆற்று வெள்ளத்தில் ஓடக்காரரின்றிச் சம்பந்தரின் ஓடம் கரைசேர்ந்த தலம் அது. சம்பந்தரோடு அன்று யாழ்ப்பாணரும் சென்றிருப்பார் என்பதை எண்ணும்போது, இடந்தேர்ந்த பொருத்தம் விளங்கும். அடிகளாரின் கணக்கின்படி செய்யப்பெற்ற கருவிகளை ஏந்தியோர் ஊர்வலத்திற் சென்றனர். தஞ்சை நால்வர் மரபில் வந்த க. பொ. சிவானந்தம் பிள்ளை யாழை மீட்டினார். பல நூற்றாண்டுகளாக ஏட்டில் மட்டும் இருந்த இசை கற்றோர் அவையிலே காதுக்குக் கேட்டது. என் மாணவன் கேட்ட வினாவுக்கு அன்று அவ்வவையில் ஒரு விடை கிடைத்தது.

அதன்பின் நாற்பத்து மூன்று நாட்களே அடிகளார் இருந்தார். 1947ஆம் ஆண்டு யூலை மாதம் 19ஆம் நாள் கொழும்பிலே இறைவனடி சேர்ந்தார், வயது ஐம்பத்தைந்து. மட்டக்களப்புச் சிவானந்த வித்தியாலய வளவிலே, மரநிழலில் அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. மலர்களைக் குறித்து அவர் பாடிய பாடல் சமாதியிலே பொறிக்கப்பட்டுள்ளது.

இனி, ஒரு குறையையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. யாழ்நூல் 1974ஆம் ஆண்டில் மறுபதிப்புப் பெற்றது. மேடைக் கலைஞரோ யாழை ஏற்றுக்கொள்ளவில்லை. நூலும் எளியதன்று. பயிற்சிக் கலாசாலையில் இருந்த காலத்தே அதைக் கையிலெடுத்துப் பத்துப் பக்கம் தாண்டாமல் மூடிவைத்தவன் நான். ஆயினும் விதை வீண்போயிற்று என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. 1960ஆம் ஆண்டில் மருதனார்மடத்தில் எழுந்து பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் இசைக் கல்லூரியிலும், 1982ஆம் ஆண்டில் மட்டக்களப்பிலே அடிகளார் பெயரால் நிறுவப்பெற்றுக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்த கல்லூரியிலும் ஈழத்துப் பிள்ளைகள் இசையைப் பட்டப்படிப்பாகவே பயில்கின்றனர். இசையும் கல்வியேயென அடிகளார் கொண்ட கொள்கைக்கு இவை சான்று.

நூலை நான் மீண்டும் திறந்தது, பௌதிகம் கற்பிக்கும் நண்பர் ஒருவரின் உதவியாலே. சென்ற தவணையில் அரங்கேற்று காதைக்கு வந்தபோது வகுப்பை ஆய்வுகூடத்துக்கு அழைத்துச் சென்றேன். சுரமானியின் கம்பியை அறுபது சதமமீற்றர் நீளத்தில் இறுக்கினோம். அது குரல். பாலத்தை நாற்பதில் வைத்து மீட்டினான் ஒருவன்; இளி எழுந்தது. நாற்பத்தைந்தில் வைத்தான், உழை எழுந்தது. முப்பதில் வைத்தபோது, வீட்டிலே சங்கீதம் பயிலும் பிள்ளை ஒருத்தி மேற்குரலோடு தன் குரலைச் சேர்த்துவிட்டு நாணித் தலைகவிழ்ந்தாள். அடுத்த பாடத்துக்கான மணி அடித்தும் ஒருவரும் எழுந்து செல்லவில்லை. துத்தம் எங்கே பிறக்குமெனத் தாளில் வகுத்துக்கொண்டிருந்தனர்.