அறிவியல் மேதை ஜி. என். இராமச்சந்திரன்

மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலையில் பாகு படிகமாவதைக் கண்ட நம் மாணவர்க்குப் படிகவியல் அயலான துறையன்று. அத்துறையைப் பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் பயின்றவர், 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்த ஜி. என். இராமச்சந்திரன். 1952இல், முப்பது வயதளவிலேயே, சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியரானார்.

தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் புரதம் கொலாஜன். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலுக்கே அதுதான் மூலப்பொருள் எனலாம். அதன் அமைப்போ அந்நாளில் பெரும் புதிர். சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அளித்த கங்காரு வால் தசைநாணை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்த இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து, அது மூவிழை அமைப்பு என்று 1954இலும், அவ்விழைகள் கயிறுபோல் முறுக்குண்டவை என்று 1955இலும் வெளியிட்டார்.

அணுக்கள் அளவுமீறி நெருங்கியுள்ளன என்று கிரிக்கும் ரிச்சும் மறுத்தனர். மூவிழை முறுக்கு நிலைத்தது. இழைகளுக்கிடையிலான பிணைப்புக் கணக்கில் மறுத்தவர் கூற்றே பெரிதும் ஏற்கப்பட்டது. ஆயினும் அம்மறுப்பே அவரை மேலும் செலுத்திற்று என்பது எம் கருத்து. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என அறியப்பட்ட படிகங்களிலெல்லாம் தேடினார். சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட வரைபடம் அத்தேடலின் பயனே. 2001இல் அவர் சென்னையில் மறைந்தார். நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. புதிய புரதத்தின் வடிவத்தைக் கணிப்போர், அது பிழையற்றதா என இன்றும் இராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்தே சோதிக்கின்றனர்.