கண்காணித்தவரும் கண்காணிக்கப்பட்டவரும்

பிகாரின் சம்பாரண் பகுதியில் உள்ள மோதிஹாரி என்னும் ஊரை நாம் காந்தியடிகளோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறோம். அவுரி விவசாயிகளின் துயரத்தை விசாரிக்கச் சென்ற அவர், 1917 ஏப்ரலில் நீதிமன்றத்தில் நின்றது அங்கேதான். அதற்கு 14 ஆண்டுகள் முன்பு, 1903 ஜூன் 25 அன்று, அதே ஊரில் ஆங்கிலேய அரசு ஊழியர் ஒருவரின் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை ரிச்சர்ட் பிளேர் அரசின் அபினித் துறையில் பணியாற்றியவர். குழந்தைக்கு எரிக் ஆர்தர் பிளேர் எனப் பெயரிட்டனர். ஜார்ஜ் ஆர்வெல் என்ற புனைபெயரில் பின்னாளில் உலகம் அறிந்த எழுத்தாளர் அவரே.

கண்காணிப்பு கேமரா, கைப்பேசி ஒட்டுக்கேட்பு, முகமறியும் தொழில்நுட்பம் என எதைப் பற்றிப் பேச்செழுந்தாலும் ஆர்வெல்லின் பெயர் தவறாமல் வந்துவிடுகிறது. 1949 ஜூன் 8 அன்று வெளியான அவரது ‘1984’ நாவலில், கட்சி உறுப்பினர்களின் வீட்டுச் சுவர்களில் பதிந்திருக்கும் தொலைத்திரை, குடிமக்களுக்குப் படம் காட்டிக்கொண்டே அவர்களைப் பார்த்துக்கொண்டும் இருக்கும். அந்நாவலை எதிர்காலம் குறித்த கற்பனையாகவே பலரும் வாசிக்கின்றனர். ஆனால், ஆர்வெல்லின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அதில் பெரும்பகுதி அவர் நேரில் கண்டதன் சாரம் என்பது விளங்கும். அவ்வாறு கண்டவற்றில் முதன்மையானவை நம்மையும் ஆண்ட அதே பேரரசுக்குள் நிகழ்ந்தவை.

ஒரு வயதிலேயே தாயுடன் இங்கிலாந்து சென்றுவிட்ட எரிக், உதவித்தொகை பெற்று ஈட்டன் பள்ளியில் பயின்றார். அங்கு சிறிது காலம் அவருக்கு பிரெஞ்சு கற்பித்தவர், பிற்பாடு ‘பிரேவ் நியூ வேர்ல்டு’ நாவலை எழுதிய ஆல்டஸ் ஹக்ஸ்லி. உடன் பயின்றவர்கள் பலர் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் செல்ல, எரிக் 1922-இல் இந்தியப் பேரரசின் காவல் பணியில் சேர்ந்து பர்மாவுக்குக் கப்பலேறினார். பர்மா அப்போது இந்தியாவின் ஒரு மாகாணம்.

அவர் சேர்ந்த காவல் துறை சாதாரணமானதன்று. இன்று உலகெங்கும் பயன்படும் கைரேகைப் பதிவு முறை வங்காளத்தில் வளர்ந்தது. 1858-இல் அங்கு வில்லியம் ஹெர்ஷல் ஓர் ஒப்பந்தத்துக்காகக் கைப்பதிவு வாங்கியதில் அது தொடங்கிற்று. எட்வர்டு ஹென்றியின் தலைமையில் அஜீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இந்திய அலுவலர்கள் அதை வகைப்படுத்தும் முறையாக்கினர். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு அமைந்தது. லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்கு அம்முறை சென்றது 1901-இல்தான். ஆட்சிக்கு உட்பட்டவர்களின் உடலிலிருந்து அடையாளத்தைப் பிரித்தெடுத்துக் கோப்பில் சேர்க்கும் கலையைப் பேரரசு முதலில் நம்மிடம் பழகிப் பார்த்தது.

அதன் விலை என்ன என்பதைத் தமிழகம் அறியும். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் ஒரு சாதியில் பிறந்த ஆண்கள் அனைவரும் கைரேகை பதிய வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் தங்க வேண்டும் என்ற கொடுமையை எதிர்த்து, 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் மக்கள் திரண்டனர். துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உள்பட 16 பேர் மடிந்தனர். எரிக் பிளேர் காவல் சீருடை அணிந்தது அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து.

பர்மாவில் அவர் ஐந்தாண்டுகள் பணியாற்றினார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த கட்டுரைகளுள் ஒன்று, மௌல்மெயின் நகரில் மதம் பிடித்த யானையைச் சுட்டது பற்றியது. யானையால் மிதிபட்டு இறந்தவர் ஒரு தென்னிந்தியக் கூலித் தொழிலாளி. அதிகாரி சென்று பார்க்கும்போது யானை தணிந்து அமைதியாக நிற்கிறது. சுடத் தேவையில்லை என்று அவருக்குத் தெரிகிறது. ஆனால், பின்னால் 2,000 பேர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முன் சிறுமைப்படக் கூடாது என்பதற்காகவே அவர் சுட்டுவிடுகிறார். பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வு ஒருவனை, அவன் கையில் துப்பாக்கியே இருந்தாலும், தன் மனத்துக்கு மாறாக நடக்கவைக்கும் என்பதை ஆர்வெல் அங்கு கற்றார். ஆயுதம் ஏந்தியவனுக்கே அந்நிலை என்றால் ஏதுமற்ற குடிமகனுக்கு எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு ‘1984’ நாவலை விடையாகக் கொள்ளலாம்.

1927-இல் விடுப்பில் இங்கிலாந்து திரும்பியவர், வேலையைத் துறந்தார். பாரீஸில் உணவகங்களில் பாத்திரம் துலக்கினார். லண்டனில் நாடோடிகளோடு அலைந்தார். அவ்வனுபவங்களை நூலாக்கி 1933-இல் வெளியிட்டபோது ஜார்ஜ் ஆர்வெல் என்ற பெயரைச் சூடிக்கொண்டார். 1936-இல் விகன் நகரின் சுரங்கத் தொழிலாளர்களின் வாழ்வை அறியச் சென்றபோது, அந்த முன்னாள் காவல் அதிகாரியைக் காவல் துறை கவனித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தது.

அதே ஆண்டு இறுதியில் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிசத்துக்கு எதிராகப் போரிடச் சென்றார். 1937 மே மாதம் கழுத்தில் குண்டு பாய்ந்தும் உயிர் பிழைத்தார். ஆனால், அவர் சேர்ந்திருந்த கட்சியைத் துரோகிகளின் கூட்டம் என முத்திரை குத்தி, சோவியத் ஆதரவாளர்கள் வேட்டையாடத் தொடங்கினர். மனைவி ஐலீன் தங்கியிருந்த பார்சிலோனா விடுதி அறைக்குள் காவலர்கள் நுழைந்து, நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் அள்ளிச் சென்றனர். கணவனும் மனைவியும் மறைந்து திரிந்து எல்லையைக் கடந்து தப்பினர். தாம் கண்ணால் கண்ட போர்முனை நிகழ்வுகள் நாளேடுகளில் வேறொன்றாக மாறியிருந்ததையும் அவர் கண்டார். நாவலின் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித் பழைய நாளிதழ்களைத் திருத்தி எழுதும் ஊழியனாக அமைந்ததற்கு வேர் இங்கே இருக்கிறது.

ஆர்வெல்லின் வாழ்க்கையில் தமிழர்கள் அதிகம் அறியாத பகுதி ஒன்று உண்டு. 1941 ஆகஸ்ட் முதல் 1943 நவம்பர் வரை அவர் பி.பி.சி.யின் கிழக்குப் பிரிவில் இந்திய நேயர்களுக்கான நிகழ்ச்சிகளைத் தயாரித்தார். போர்ச் செய்தி மடல்களை ஆங்கிலத்தில் எழுதுவார். அவற்றுள் சில தமிழிலும் பெயர்க்கப்பட்டு ஒலிபரப்பாயின. அவர் நடத்திய கவிதை நிகழ்ச்சியில் டி.எஸ். எலியட், முல்க் ராஜ் ஆனந்த் ஆகியோருடன் கலந்துகொண்டவர்களுள் இலங்கைத் தமிழரான கவிஞர் தம்பிமுத்துவும் ஒருவர். எனினும், ஒவ்வொரு வரியும் தணிக்கை அதிகாரிகளின் பார்வையைக் கடந்தே வானலை ஏறியது. ஐலீனும் போர்க்காலத் தணிக்கைத் துறையில் பணியாற்றியிருந்தார். நாவலில் வரும் உண்மை அமைச்சகத்தின் நெடியை ஆர்வெல் தம் சொந்த அலுவலகத்திலேயே நுகர்ந்தார் எனலாம்.

2007-இல் பிரிட்டிஷ் உளவுத் துறை வெளியிட்ட கோப்புகள் இன்னொன்றையும் காட்டின. வானொலியில் அரசுக்காக அவர் பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில், லண்டன் தனிப் பிரிவுக் காவலர் ஒருவர் அவரைத் தீவிரப் பொதுவுடைமைக் கருத்துள்ளவர் என்று அறிக்கை எழுதினார். பொதுவுடைமைக் கூட்டங்களில் ஆர்வெல்லைக் கண்டதாக அவருடைய இந்திய நண்பர்கள் கூறினர் என்பது அவ்வறிக்கையின் ஆதாரங்களுள் ஒன்று. உளவுத் துறையின் மேலதிகாரிகள் அதை ஏற்கவில்லை. ஆயினும் கோப்பு மூடப்படவுமில்லை. ஒருவரைப் பற்றித் தவறாக எழுதப்பட்ட குறிப்பு, அவருக்கே தெரியாமல், அவர் மறுக்க வாய்ப்பில்லாமல் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அவர் மாசற்றவரும் அல்லர். 1949-இல் நோய்ப்படுக்கையில் இருந்தபோது, பொதுவுடைமை அனுதாபிகள் எனத் தாம் கருதிய 38 பேரின் பட்டியலை பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் பிரசாரப் பிரிவுக்கு அளித்தார். சிறையிடவோ தண்டிக்கவோ தரப்பட்ட பட்டியல் அன்று. பிரசாரப் பணிக்கு உகந்தவர்கள் அல்லர் என்ற எச்சரிக்கையே. ஆனாலும், பிறரைப் பற்றி மறைவில் குறிப்பெழுதும் பழக்கம் அதைக் கண்டித்தவரையே பற்றிக்கொண்டது என்பது மறைக்கத்தக்கதன்று. நல்ல நோக்கமும் நல்ல மனிதரும் கண்காணிப்புக்குக் கடிவாளம் ஆகிவிட முடியாது என்பதற்கு அவரே எடுத்துக்காட்டாகிவிட்டார்.

ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில், காசநோயுடன் போராடியபடி ‘1984’ நாவலை எழுதி முடித்தார். நூல் வெளியாகி எட்டு மாதம் நிறைவதற்குள், 1950 ஜனவரி 21 அன்று, 46 வயதில் லண்டன் மருத்துவமனையில் மறைந்தார். கல்லறையில் எரிக் ஆர்தர் பிளேர் என்ற பெயர் மட்டுமே உள்ளது.

அவரது எச்சரிக்கையின் சாரம் கருவியில் இல்லை. தொலைத்திரைக்கு அப்பால் யாரேனும் இப்போது பார்க்கிறார்களா என்பது வின்ஸ்டனுக்குத் தெரியாது; ஆகவே எப்போதும் பார்க்கிறார்கள் என்றே எண்ணி வாழ்கிறான். அவனைப் பார்ப்பவர்களை அவனால் பார்க்க முடியாது. அந்த ஒருவழிப் பார்வையே அடிமைத்தனத்தின் வேர். நாவலைப் படித்த ஹக்ஸ்லி, வருங்கால ஆட்சியாளர்கள் இத்தனை வன்மையை நாட மாட்டார்கள், மக்கள் விரும்பியே அடங்கும் இனிய வழிகளைக் கண்டுகொள்வார்கள் என்று தம் பழைய மாணவருக்குக் கடிதம் எழுதினார். விலை கொடுத்து வாங்கிய கைப்பேசியில், படிக்காமலேயே அனுமதி அளித்துவிட்டு, நம் இருப்பிடத்தையும் விருப்பங்களையும் நிறுவனங்களுக்குத் தந்துகொண்டிருக்கும் நாம், ஆசிரியர், மாணவர் இருவரின் கணிப்பையும் ஒருசேர மெய்ப்பிக்கிறோம்.

நகரத்தின் கவலையாக மட்டும் இதைக் கருதிவிட முடியாது. உத்தரமேரூர் போன்ற வேளாண் வட்டாரங்களில்தான் ஒருவழிப் பார்வையின் சுமை கூடுதல். நியாயவிலைக் கடையில் அரிசி வாங்க விரல் ரேகை ஒத்துப்போக வேண்டும். நாற்று நட்டும் களை பறித்தும் ரேகை தேய்ந்த மூதாட்டியின் விரலை இயந்திரம் ஏற்க மறுக்கும்போது, தாம் தாமே என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2021-இல் அறிமுகமாகி, 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்ட செயலி, பணித்தளத்தில் நாளுக்கு இருமுறை தொழிலாளரைப் படமெடுத்து இருப்பிடக் குறியுடன் பதிவேற்றப் பணித்தது. படம் ஏறாவிடில் கூலிக்கு இடர். முறைகேடு ஒழியும் என்றார்கள். ஆனால், தொடர்பில்லாத படங்களும், படத்தையே படமெடுத்தவையும் பதிவேறியதை 2025-இல் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கையில் குறிப்பிட நேர்ந்தது. ஏய்ப்பவர் வழி கண்டுகொள்கிறார். நேர்மையாக உழைத்தவர் வலைத்தொடர்பு கிடைக்கும் வரை வெயிலில் நிற்கிறார்.

போலி அட்டைகளைக் களையவும் குற்றவாளிகளைப் பிடிக்கவும் தொழில்நுட்பம் உதவுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. கேட்கவேண்டியது, அந்தப் பார்வை மேல்நோக்கியும் திரும்புகிறதா என்பதே. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதையொட்டி 2023-இல் வந்த எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் முகமைகளுக்கு விலக்களிக்கும் பரந்த அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்கியது. அத்துடன், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில், பொதுநலன் கருதித் தனிநபர் தகவலை வெளியிட இடமளித்த வாசகத்தையும் நீக்கியது. 1997-இலேயே தகவல் அறியும் உரிமைக்குச் சட்டம் கண்ட மாநிலம் தமிழகம். குடிமகனின் அந்தரங்கத்துக்காக எழுந்த கோரிக்கை, அதிகாரத்தில் இருப்பவருக்குத் திரையாக மாறுவதை நாம் கவலையின்றிக் கடந்துவிடக் கூடாது.

உத்தரமேரூரின் சபை மண்டபத்துச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இங்கு நினைவுகூரத்தக்கவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தெரிவு செய்த விதிகள் அவை. நிலமும் கல்வியும் உடைய ஆண்களுக்கே இடமளித்த பிரமதேயத்தின் ஏற்பாடு அது என்பதால் இன்றைய மக்களாட்சியோடு ஒப்பிடலாகாது. ஆனால், அதிகாரத்தைக் கண்காணிப்பதில் அவ்விதிகள் காட்டிய கண்டிப்பு வியப்புக்குரியது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயர் குடத்தில் இடப்படாது. அவருடைய உறவினர் பெயரும் இடப்படாது. குடத்தை அனைவரும் காணத் தூக்கிக் காட்ட வேண்டும். சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை வாங்குபவர், ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காக.

அங்கு கை விரித்துக் காட்ட வேண்டியவர் அதிகாரம் ஏற்றவர். இன்று இயந்திரத்தின்முன் விரலை வைத்து நிற்பவர் அரிசிக்கும் கூலிக்கும் வந்த குடிமகன். இந்த இடமாற்றத்தைத்தான் ஆர்வெல் அஞ்சினார். குடிமக்களைப் பற்றித் திரட்டப்படும் ஒவ்வொரு பதிவும் எந்தச் சட்டத்தின்கீழ், எத்தனை நாளுக்கு, யார் பார்வைக்கு என்பதை அரசு ஊரறிய அறிவிக்க வேண்டும். பிழையான பதிவை மறுக்க எளிய வழி வேண்டும். இயந்திரம் கைவிட்டாலும் அரிசியும் கூலியும் நிற்கக் கூடாது. பொதுப்பணத்தின் கணக்கு கேட்பவருக்குக் கதவு அடைபடக் கூடாது. இவை கிடைக்கும்வரை, அபினி அதிகாரியின் மகன் எழுதிய அந்த நாவலைக் கற்பனை என்று சொல்லி நாம் மூடிவைத்துவிட முடியாது.