சந்தேகத்துக்கு ஒரு சொல்: ஜான் ஜேமிசன்

வங்கி கவுண்டரில் நோட்டு எண்ணும்போது சில சமயம் விரலில் ஏதோ உறுத்தும். ‘இது சரியில்லையே’ என்று மனம் சொல்லும். அந்த உணர்வுக்கு ஸ்காட்லாந்து மக்களிடம் ஒரு பழைய சொல் உண்டு: ‘ஜலூஸ்’. சந்தேகப்படுவது, ஊகிப்பது என்று பொருள். பொறாமையைக் குறிக்கும் ‘ஜெலஸ்’ என்ற ஆங்கிலச் சொல் இதற்கு நெருங்கிய உறவு. இரண்டுக்கும் பிரெஞ்சு மொழிதான் தாய்வீடு. ஆங்கிலத்தில் பொறாமை நிலைத்தது. ஸ்காட்லாந்தில் சந்தேகம் தங்கிவிட்டது.

இத்தகைய சொற்களைத் தொகுத்துக் காத்தவர் ஜான் ஜேமிசன். 1759ல் கிளாஸ்கோவில் பிறந்தார். இளம் வயதிலேயே ஃபோர்ஃபர் என்ற சிற்றூரில் பாதிரியாரானார். சம்பளம் சொற்பம், குடும்பமோ பெரிது.

1707ல் ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு இணைந்தபின், லண்டன் ஆங்கிலம் பேசினால்தான் மரியாதை என்றாகிவிட்டது. படித்தவர்கள் வீட்டுப் பேச்சை வெளியில் பேசக் கூச்சப்பட்டார்கள். தவிர்க்க வேண்டிய ஸ்காட்லாந்துச் சொற்கள் என்று பட்டியல்களே அச்சாயின. தத்துவ அறிஞர் டேவிட் ஹியூமும் அப்படி ஒன்று தயாரித்தார். ஜேமிசனும் முதலில் அதைக் கெட்டுப்போன ஆங்கிலம் என்றே நினைத்தார்.

அந்த எண்ணத்தை மாற்றியவர் ஐஸ்லாந்தில் பிறந்த அறிஞர் தோர்கெலின். ஃபோர்ஃபர் பக்கத்துச் சாதாரண ஜனங்கள் பேசும் சொற்கள் பலவற்றுக்கு வடநாட்டுப் பழைய மொழிகளோடு உறவு இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஜேமிசன் ஒரு மலிவான நோட்டு வாங்கி, காதில் விழுந்த சொற்களை எழுத ஆரம்பித்தார். பழைய நூல்களையும் தேடிப் படித்தார். 1797ல் எடின்பரோவுக்கு மாறிய பிறகும் வேலை நிற்கவில்லை. 1808ல் ஸ்காட்லாந்து மொழி அகராதி இரண்டு பெரிய தொகுதிகளாக வெளிவந்தது. 1825ல், அறுபத்தாறு வயதில், மேலும் இரண்டு தொகுதிகளைச் சேர்த்தார்.

புகழ்பெற்ற நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் இவருடைய நண்பர். 1816ல் வந்த அவருடைய ‘தி ஆன்டிக்வரி’ நாவலில் ‘ஜலூஸ்’ இடம்பெற்றிருக்கிறது.

பிள்ளைகளில் பெரும்பாலோரைப் பறிகொடுத்த துயரத்தோடு, 1838ல் தமது 79ஆம் வயதில் ஜேமிசன் காலமானார்.

வணிகவியல் படித்தவன் என்பதால் எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது: அன்றைய பெரியவர்கள் பற்றுப் பக்கத்தில் எழுதிய அதே சொற்களை இவர் வரவுப் பக்கத்தில் எழுதினார். இன்று ஸ்காட்லாந்தில் ‘ஜலூஸ்’ உயிரோடு இருக்கிறது. ஹியூமின் பட்டியலைப் பார்த்து யாரும் பேச்சைத் திருத்திக்கொள்வதில்லை.

அடுத்த முறை லிஃப்டில் பேரப்பிள்ளை ஒரு வீட்டுச் சொல்லைச் சொன்னால், திருத்துவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிப்போமே!