எழுத்துகளின் வண்ணம்

கண் நிறத்தைக் காணும்; செவி ஒலியைக் கேட்கும். ஐம்புலன்களும் தத்தம் வாயில் வழியாகவே உலகை அறிகின்றன என்பது பொதுவான எண்ணம். ஆயினும், ஒரு புலன் தூண்டப்படும்போது மற்றொரு புலனும் தானாகவே விழித்துக்கொள்ளும் மனிதர்கள் உள்ளனர். அவர்களுள் சிலருக்கு இசையொலி நிறமாகத் தோன்றும். சிலருக்குச் சொல் சுவையாக நாவில் ஊறும். இன்னும் சிலருக்குக் கறுப்பு மையில் அச்சிட்ட எழுத்துகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வண்ணம் கொண்டிருக்கும். இவ்வியல்பைப் புலன் இணைவு (சினெஸ்தீசியா) என்பர். இவ்வியல்போடு பிறந்து, அதனை நுட்பமாக எழுதி வைத்தவர் உருசிய எழுத்தாளர் விளாதிமீர் நபோக்கோவ்.

தவறான வண்ணங்கள்

நபோக்கோவ் 1899 ஆம் ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை சட்ட அறிஞர், அரசியல் தலைவர். வீட்டில் உருசியம், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மும்மொழிகளும் வழங்கின.

ஏழாம் அகவையில் ஒருநாள், எழுத்துகள் பொறித்த மரக்கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தார் அச்சிறுவர். கட்டைகளில் தீட்டியிருந்த நிறங்கள் யாவும் தவறானவை என்று தாயிடம் இயல்பாகக் கூறினார். மற்றொரு தாயாயின் குழந்தையின் கற்பனை என்று நகைத்திருக்கலாம். பொய் என்று கடிந்திருக்கலாம். எலேனா அவ்வாறு செய்யவில்லை. ஒவ்வோர் எழுத்தும் மகனுக்கு எந்நிறமாகத் தோன்றுகிறது எனப் பொறுமையுடன் கேட்டறிந்தார். அவருக்கும் எழுத்துகள் நிறங்களாகவே தோன்றிவந்தன. மகன் கூறிய நிறங்களுள் சில அவருடைய நிறங்களோடு ஒத்திருந்தன. தாய்க்கு இசையும் நிறமாகத் தெரிந்தது. மகனுக்கோ இசையில் எந்நிறமும் தோன்றவில்லை.

அன்றுமுதல் மகனின் கண்களுக்கு விருந்தளிப்பதைத் தம் கடமையாகவே கொண்டார் எலேனா. உறங்கும் முன் தம் மணிகளையும் நகைகளையும் எடுத்துக் கொடுத்து, அவற்றின் ஒளியைக் கண்டு மகிழச் செய்தார். நீர்வண்ண ஓவியங்களைத் தீட்டிக் காட்டினார். நீலமும் சிவப்பும் தாளில் கலந்து இளஞ்செவ்வூதா நிறப் பூமரமாக மாறியதைக் கண்ட வியப்பு, மகனின் நெஞ்சைவிட்டு அகலவே இல்லை.

இழந்தவையும் இழக்காததும்

1917 ஆம் ஆண்டுப் புரட்சி அக்குடும்பத்தின் வாழ்வைப் புரட்டிப் போட்டது. மாளிகையையும் நிலங்களையும் விட்டுக் கிரீமியாவுக்குச் சென்றவர்கள், 1919 இல் கப்பலேறித் தாய்நாட்டை நிரந்தரமாகப் பிரிந்தனர். சிறுவர் கண்டு மகிழ்ந்த நகைகள் இப்போது பிழைப்புக்காக விற்கப்பட்டன. 1922 இல் பெர்லினில் நடந்த கூட்டத்தில் மற்றொரு தலைவரைக் காக்க முனைந்த தந்தை சுட்டுக் கொல்லப்பட்டார். பிராக் நகரில் குடியேறிய தாய் 1939 இல் மறைந்தார். மகன் அப்போது வேற்று நாட்டில் இருந்தார். நபோக்கோவின் மனைவி வேரா யூதர். ஆதலால் நாசிகளின் ஆட்சியிலிருந்து தப்பிப் பிரான்சுக்கும், 1940 இல் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் செல்ல நேர்ந்தது.

எல்லாவற்றினும் பெரிய இழப்பு மொழியிழப்பே. உருசிய மொழியில் புகழ்பெற்ற புதினங்களைப் படைத்தவர், நாற்பதாம் வயதையொட்டி ஆங்கிலத்தில் புதிதாக எழுதத் தொடங்கினார். நாடு, செல்வம், தாய்மொழி வாசகர்கள் ஆகிய யாவும் கைநழுவின. எனினும், எழுத்துகளின் நிறங்கள் மட்டும் அவரோடு எல்லைகளைக் கடந்து வந்தன. எந்தச் சுங்கச்சாவடியும் பறிக்க இயலாத உடைமை அது.

1949 இல் தாயைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, பின்னர் அவருடைய தன்வரலாற்று நூலில் இடம்பெற்றது. அதில் தம் எழுத்துகளின் நிறங்களை வரிசைப்படுத்தினார். ‘டி’ பிஸ்தாப் பச்சை. ‘ஒய்’ ஒளிரும் பொன். ‘எக்ஸ்’ எஃகின் நீலம். ஒரே ‘ஏ’ எழுத்து, ஆங்கிலத்தில் வெயிலும் மழையும் பட்ட மரத்தின் நிறமாகவும் பிரெஞ்சில் மெருகேறிய கருங்காலியின் நிறமாகவும் தோன்றியது. எழுத்தின் வடிவை மனத்தில் எண்ணி, வாயால் ஒலிக்கும்போது நிறம் பிறப்பதாக அவர் உணர்ந்தார். ஒலியும் வடிவமும் சேர்ந்தே நிறத்தை எழுப்பின.

மூளை செய்யும் இணைப்பு

ஜெர்மானிய மருத்துவர் கியார்க் சாக்ஸ் 1812 இலேயே இவ்வியல்பைத் தம் அனுபவத்திலிருந்து விளக்கியிருந்தார். பிரான்சிஸ் கால்டன் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில், இது குடும்பங்களில் தொடர்ந்து வருவதைக் கண்டறிந்தார். ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அறிவியலுலகம் இதனைக் கற்பனை என்றே ஒதுக்கியது. பின்னர் வந்த ஆய்வுகள் அவ்வெண்ணத்தை மாற்றின. இவ்வியல்புடையோரிடம் எழுத்துகளின் நிறங்களைக் கேட்டுப் பல மாதங்கள் கழித்து மீண்டும் கேட்டால், பெரும்பாலும் அதே நிறங்களையே கூறுகின்றனர். கற்பனையாயின் இத்துணை உறுதி இராது.

மூளையில் எழுத்துருவை அறியும் பகுதியும் நிறத்தை அறியும் பகுதியும் அருகருகே அமைந்துள்ளன. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும், இவ்விரு பகுதிகளுக்கும் இடையிலுள்ள மிகுதியான இணைப்புகளால் ஒன்று தூண்டப்படும்போது மற்றொன்றும் இயங்குகிறது என 2001 இல் கருத்துரைத்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் ஏதேனும் ஒருவகைப் புலன் இணைவு உள்ளதாக ஆய்வுகள் கூறுகின்றன. இது நோயன்று, உலகை உணரும் மற்றொரு முறை.

மூன்றாம் தலைமுறை

வேராவுக்கும் எழுத்துகள் நிறங்களாகத் தோன்றின. ஆனால் அவை கணவர் கண்ட நிறங்கள் அல்ல. மகன் திமித்ரிக்குப் பத்து வயதளவில் அவரும் அவ்வாறே காண்பது தெரியவந்தது. முன்பு தம் தாய் கேட்டதைப் போலவே, பெற்றோர் இருவரும் மகனிடம் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டனர். ‘எம்’ எழுத்து தந்தைக்கு இளஞ்சிவப்பு; தாய்க்கு நீலம்; மகனுக்கோ இளஞ்செவ்வூதா. புலன் இணைவு மரபுவழி வரலாம். நிறங்கள் அவ்வாறு வருவதில்லை என்பது பிற்கால அறிவியல். ஆயினும், அத்தற்செயலை நபோக்கோவ் பெருமகிழ்ச்சியோடு போற்றினார்.

1977 இல் சுவிட்சர்லாந்தில் அவர் காலமானார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு தாய் தாளில் கலந்து காட்டிய அதே நிறம், பல்லாண்டுகளுக்குப் பின் கடல் கடந்த நாட்டில் பேரனின் சொல்லில் மீண்டும் மலர்ந்தது. ஒரு குழந்தை கூறியதை நகையாது செவிமடுத்த தாயின் பொறுமையே அதற்கு வித்து.