ஏழு மணி நேரத் தொலைவும் நேதாஜியின் கடைசி விமானமும்

கேஎல்ஐஏ-வில் காலையில் விமானம் ஏறினால் மாலைக்குள் தோக்கியோவில் இறங்கிவிடலாம். தூரம் ஏறத்தாழ 5,400 கிலோமீட்டர். நேரம் ஏழு மணி. வழியில் எங்கும் இறங்க வேண்டியதில்லை. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் காலத்தில் அது நினைத்துப் பார்க்க முடியாத வசதி.

1897 ஜனவரி 23-ல் கட்டாக்கில் பிறந்தவர் அவர். ஐ.சி.எஸ். தேறியும் 1921-ல் அந்தப் பதவியை உதறினார். 1941-ல் கல்கத்தா வீட்டுக் காவலிலிருந்து தப்பி, காபூல் வழியாக பெர்லின் சேர்ந்தார். அங்கிருந்து ஆசியாவுக்கு வர அவருக்குக் கிடைத்த வழி நீர்மூழ்கிக் கப்பல். 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்தில் புறப்பட்டு, மடகாஸ்கர் அருகே நடுக்கடலில் ஜப்பானியக் கப்பலுக்கு மாறி, மே 6-ல் சுமத்ராவின் சபாங்கில் கரையேறினார். மூன்று மாதம் கடலுக்கடியில்! பிறகு விமானத்தில் தோக்கியோ. ஜூலை 2-ல் சிங்கப்பூர்.

அதன் பின் நடந்ததை நம் தோட்டப்புறங்களில் தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டவர்கள் பலர். பால்மரம் வெட்டிய கைகள் துப்பாக்கி ஏந்தின. கோலாலம்பூரில் அவர் பேச்சைக் கேட்ட ஜானகி என்ற பதின்ம வயதுப் பெண் காதணியைக் கழற்றிக் கொடுத்தார். ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தார். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது அந்தப் பெண்களை விட்டுவிட்டுக் கிளம்ப நேதாஜி சம்மதிக்கவில்லை. அவர்களோடு இரவிரவாக நடந்தும் லாரியிலுமாக பாங்காக் வந்து சேர்ந்தார்.

ஜப்பான் தோற்கும் செய்தி எட்டியபோது அவர் சிரம்பானில் இருந்தார். உடனே சாலை வழியாக சிங்கப்பூர் திரும்பினார். ஆகஸ்ட் 16-ல் அங்கிருந்து பாங்காக், 17-ல் சைகோன். அங்கே ஜப்பானிய குண்டுவீச்சு விமானத்தில் இரண்டே இடம் கிடைத்தது. ஹபிபுர் ரஹ்மான் மட்டும் உடன் ஏறினார். தமிழரான அமைச்சர் எஸ்.ஏ.ஐயர் உட்பட மற்றவர்கள் ஓடுபாதையில் நின்றுவிட்டார்கள்.

மஞ்சூரியாவின் டைரன் போய், பிறகு தோக்கியோ என்பது விமானத்தின் பாதை. ஒரே மூச்சில் பறக்க எரிபொருள் போதாது, சுமையோ அதிகம். அன்றிரவு டூரானில் (இன்றைய டா நாங்) தங்கினார்கள். 18-ஆம் தேதி பிற்பகல் தைபேயில் எரிபொருள் நிரப்பி மேலெழும்பிய சில நொடிகளிலேயே விமானம் விழுந்து எரிந்தது. உடலெங்கும் தீக்காயத்துடன் ராணுவ மருத்துவமனையில் அன்றிரவே நேதாஜி இறந்தார் என்பது அதிகாரப்பூர்வச் செய்தி. வயது 48.

தோட்டத்து மக்கள் பலர் அதை நம்பவில்லை. ஷாநவாஸ் குழுவும் கோஸ்லா ஆணையமும் விபத்தை உறுதி செய்தன. 2005-ல் முகர்ஜி ஆணையம் மறுத்தது. இந்திய அரசு அந்த அறிக்கையை ஏற்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் இன்று அவர் பெயரில் இந்தியக் கலாச்சார மையம் இருக்கிறது. அவருடையது எனப்படும் அஸ்தி தோக்கியோவின் ரென்கோஜி கோயிலில், 1945 முதல் அப்படியே இருக்கிறது.