கிரீந்திரசேகர போஸ்

உடல் நலிந்தால் மருத்துவரை நாடும் மக்கள், உள்ளம் நலிந்தவரைப் பேய் பிடித்தவர் என அஞ்சி ஒதுக்கிய காலம் ஒன்று உண்டு. விலங்கும் கசையடியுமே அவருட் பலர்க்கு வாய்த்த மருந்துகள். அத்தகைய காலத்தில் உளநோயின் காரணத்தை ஆராயப் புகுந்தவர் கிரீந்திரசேகர போஸ் என்னும் வங்க நாட்டு அறிஞர்.

இவர் 1887ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர போஸ் தர்பங்கா அரசரின் திவான். வங்கமொழிக்கு அகராதி தொகுத்த இராசசேகர போஸ் தமையனார். இளமையிலேயே இவருக்கு மாயவித்தையிலும் மனவசியக் கலையிலும் பெருவிருப்பம் இருந்தது. 1910இல் கல்கத்தாவில் மருத்துவப் பட்டம் பெற்றுத் தொழில் தொடங்கினார். உடலில் யாதொரு குறையும் இன்றி வருந்துவோரை இவர் மனவசியத்தால் ஆற்ற முயன்றார்.

அந்நாளில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் உளவியலுக்கெனத் தனித்துறை கண்டது. தொழிலில் நிலைபெற்றிருந்த மருத்துவர் மீண்டும் மாணவரானார்! 1917இல் உளவியலில் முதுநிலைப் பட்டம் பெற்று, அத்துறையிலேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். அடக்கப்பட்ட ஆசைகளைப் பற்றி எழுதிய ஆராய்ச்சி நூலுக்காக 1921இல் டாக்டர் பட்டம் எய்தினார்.

அந்நூலை வியன்னா நகரில் வாழ்ந்த உளநூற் பேரறிஞர் பிராய்டுக்கு அனுப்பினார். தொலைநாட்டில் தம் துறை வேரூன்றியது கண்டு பிராய்டு வியந்தார். ஓவியராகிய நண்பர் ஒருவர், பிராய்டைக் காணாமலே கற்பனையால் அவர் உருவை வரைந்துதர, போஸ் அதனையும் அனுப்பிவைத்தார். 1922இல் போஸின் இல்லத்திலேயே இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகம் தோன்றிற்று. 1931இல் பிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்த நாளுக்குக் கழகத்தார் தந்தத்தாலான திருமால் சிலை ஒன்றை அனுப்ப, அவர் அதனைத் தம் எழுதுமேசைமீது வைத்துப் போற்றினார்.

ஆயினும் போஸ் எதனையும் ஆராயாது ஏற்றவர் அல்லர். ஒவ்வோர் ஆசையோடும் அதற்கு நேர்மாறான ஆசையும் உடன்பிறக்கிறது என்பது அவர் கொள்கை. ஒருவனை அடிக்க விழைபவன் உள்ளத்தின் அடியில், அடிபட விழையும் எண்ணமும் மறைந்து கிடக்குமாம். கேட்போர்க்கு இது புதிராகவே தோன்றும். பிராய்டு இதனை முற்றும் ஒப்பவில்லை. போஸும் தம் கொள்கையைக் கைவிடவில்லை. நட்போ குன்றாது கடிதங்களால் வளர்ந்தது. இருவரும் ஒருமுறையேனும் நேரிற் சந்தித்ததில்லை.

கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் 1933இல் உளநோயாளர்க்கெனப் புறநோயாளர் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். ஏனைய நோயாளரைப்போல் அவர்களும் நாணமின்றி மருத்துவமனை வாயிலை மிதித்து வீடு திரும்ப அதனால் வழி பிறந்தது. தமையனார் அளித்த வீட்டில் 1940இல் 'லும்பினி பூங்கா' மருத்துவமனை மூன்றே படுக்கைகளோடு எழுந்தது.

இத்துணைப் பணிகளுக்கிடையே, எறும்புகளின் போரைப் பற்றிச் சிறுவர்க்கு ஒரு கதைநூலும் எழுதினார். 1953ஆம் ஆண்டு சூன் திங்கள் 3ஆம் நாள் மறைந்தார். அதுகாறும் கழகத்தின் தலைவர் அவரே.